நாலு விரல் கீழ போன குண்டு

1. ஒரு பொய்

"அந்தோனி, இதைப் பூட்டினாப் பிறகும் குண்டு பழைய இடத்திலதானே விழும்?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிஞ்ஞோர் பீனோ கேட்டார். "ஓம், அங்கைதான் விழும்" எண்டன். முழுப் பொய்.

இத்தாலியில, பலெர்மோ நகரத்தில, வியா மக்வேதா எண்ட பெரிய தெருவுக்குப் பின்பக்க ஒழுங்கை ஒண்டில, ஒரு துவக்குக் கடையின்ரை பட்டறையில நான் வேலை செய்யிறன். மன்னாரில படகு இஞ்சினுக்கு லேத் பிடிச்ச கை. இஞ்சை வந்து முதல் மூண்டு கோடை மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினனான். லேத் தெரியும் எண்டதால முதலாளி சால்வோ எடுத்தவர். பீனோ பென்சன் எடுத்த வாத்தியார், காட்டுப்பண்டி வேட்டைக்குப் போறவர். தோள்மூட்டில ஒப்பரேசன் செய்ததால துவக்கு உதைக்கிறதைத் தாங்கேலாது. அதுக்குத்தான் குழல் நுனியில ஃப்ரேனோ பூட்டக் குடுத்தவர். ஃப்ரேனோ எண்டால் பிரேக். பக்கத்தில ஓட்டை போட்ட சின்ன இரும்புக் குழாய். வெடிக்கிற காத்தைப் பக்கவாட்டில விட்டு உதையைக் குறைக்கும்.

பூட்டினது சுத்தமான வேலை. மரை நேர், குண்டு போற வழியில ஒரு முட்டுப்பாடும் இல்லை. ஆனா சால்வோவின்ரை கடையில ஒரு சட்டம் இருக்கு. நுனியில எதைப் பூட்டினாலும், துவக்குக்காரனும் பூட்டினவனும் ஒண்டாப் பொலிகோனோவுக்கு, அதுதான் சுடுதளத்துக்கு, போக வேணும். துவக்குக்காரன் சுட, பூட்டினவன் குண்டு எங்கை விழுகுதெண்டு தூரக்கண்ணாடியில பாத்து எழுத வேணும். நான் பூட்டினதுக்கும் எப்பவும் சால்வோதான் போறவர். அந்தக் கிழமை அவர் கால் முறிஞ்சு வீட்டில கிடந்தார். முறை என்ரை தலையில விழுந்தது.

எனக்கு வெடிச்சத்தம் ஆகாது. கடைசிச் சண்டையில மாசக்கணக்காப் பங்கருக்கை கிடந்து வந்தனான். துவக்கைக் கழட்டுவன், பூட்டுவன், எண்ணெய் போடுவன். அது வெடிக்கேக்கை கிட்ட நிக்கேலாது. துவக்குக் கடையில சம்பளம் வாங்கிக்கொண்டு இதை ஆரிட்டைச் சொல்லுறது? வெக்கம்.

"அப்ப நாளைக்குப் பொலிகோனோவுக்கு வாறியோ?"

"தேவையில்லை, சிஞ்ஞோர். நுனியில ஒரு சின்னச் சாமான்தானே."

பெரிய மேஸ்திரி மாதிரிச் சொன்னன். அவரும் நம்பிப்போட்டார். போகேக்கை ஒரு கதையும் சொன்னார். போன வருசம் வெடி சரியாப் படாமல் காயப்பட்ட பண்டி, நாயளோட பத்தைக்குள்ள நிண்ட அவரின்ரை தம்பியின்ரை துடையைக் கிழிச்சுப் போட்டுதாம். இந்த ஞாயிறும் தம்பி பத்தைக்குள்ளதான் நிப்பானாம்.

2. கபோ சந்தை

சனிக்கிழமை காலமை மனுசி றெஜினாவோட கபோவில மீன் வாங்கப் போனன். மீன்காரன் விலை சொல்லுறான், எனக்கு ஏறேல்லை. கை சும்மா இருக்க மாட்டனெண்டுது. போனை எடுக்கிறன், வைக்கிறன்.

"என்னப்பா, காலில சுடுதண்ணி ஊத்தின மாதிரி நிக்கிறியள்?"

சொல்லிப்போட்டன், எல்லாத்தையும். மீன் பையைக் கீழ வைச்சாள்.

"உங்கடை பயத்துக்கு அந்தாளின்ரை தம்பியோ பலி? இப்பவே எடுங்கோ."

"எடுத்தா வேலை போயிடும், றெஜினா. வேலை போனா இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெசோவைப் புதுப்பிக்கேலாது."

"போனாப் போகட்டும். நான் இன்னும் ரெண்டு வீடு துடைக்கிறன். எடுங்கோ எண்டுறன்!"

ரெண்டு தரம் அடிச்சுது, ஆளில்லை. பீனோ மலைக்கு வெளிக்கிட்டிட்டார் எண்டே நினைச்சன்.  மூண்டாந்தரம் எடுத்தார்.

"சிஞ்ஞோர், நேற்றுச் சொன்னது பொய். குண்டு எங்கை விழும் எண்டு எனக்குத் தெரியாது. சுட்டுப் பாக்காமல் போகாதேங்கோ."

 சிசிலியன் பாசையில ஏச்சு வந்துது பாருங்கோ, எழுதேலாது. கடைசியா, "மூண்டு மணிக்குப் பொலிகோனோ வாசலில நில்" எண்டு வைச்சிட்டார்.

3. ஒன்பது வெடி

ஃப்ரேனோ சுடுறவன்ரை தோளுக்கு நல்லது, பக்கத்தில நிக்கிறவனுக்கு எமன். சத்தமும் காத்தும் பக்கத்துக்குத்தானே வருது. காதில கவசம் போட்டிருந்தன். முதல் வெடிக்கு நான் தரையில கிடந்தன். எப்பிடி விழுந்தன் எண்டு இண்டைக்கும் தெரியாது.

பீனோ துவக்கை வைச்சிட்டு வந்து என்னைப் பாத்தார். கோவம் அரைவாசி இறங்கியிருந்தது.

"இதுக்குத்தானோ வரமாட்டனெண்டனீ?"

"ஓம்."

"ஆறுதலா எழும்பு. நான் நிக்கிறன்."

மூண்டு வெடியில மிச்ச ரெண்டையும் சுட்டார். நூறு மீற்றரில மூண்டு ஓட்டையும் ஒரு எஸ்பிரெசோக் கோப்பை வாய்க்குள்ள அடங்கிச்சுது. உதை குறைய அவரின்ரை தோள் பயப்பிடேல்லை, அதால நெருக்கம். அவர் சிரிச்சார். பிறகுதான் இடத்தைப் பாத்தார். நடுப்புள்ளியிலயிருந்து நாலு விரல் கீழ, ரெண்டு விரல் வலப்பக்கம்.

ஃப்ரேனோவைக் கழட்டிப்போட்டு மூண்டு வெடி. குண்டு பழைய இடத்துக்கு வந்தது, ஆனா சிதறி. திரும்பப் பூட்டி மூண்டு. அச்சொட்டா அதே நாலு விரல் கீழ. சுடேக்கை குழல் அதிரும். நுனியில பாரம் ஏறினால் அந்த அதிர்வு மாறும், குண்டு போற திசையும் மாறும். நெருக்கமா விழுறது வேறை, விழவேண்டிய இடத்தில விழுறது வேறை. இந்த வேலைக்கு வாற ஆக்கள் இதை மட்டும் மறக்காதேங்கோ.

பிறகு குறிபாக்கிற ஸ்கோப்பைத் திருப்பி, அவர் இன்னும் சுட, குண்டு நடுவில விழும்வரை நிண்டு எழுதிக் குடுத்தன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது.

ஞாயிறு பின்னேரம் பீனோ போன் எடுத்தார். "அந்தோனி, ஒரு பண்டியும் வரேல்லை. நாள் முழுக்கக் குளிருக்கை குந்தியிருந்ததுதான். ஒரு வெடியும் வைக்கேல்லை."

சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தாலும் ஒண்டும் நடந்திருக்காது. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுதான் எனக்குப் பயம். அடுத்த ஆளுக்கும் அதே பொய்யைத்தானே சொல்லியிருப்பன்!

திங்கக்கிழமை சால்வோவின்ரை வீட்டுக்குப் போய்ச் சொன்னன். மனுசன் நல்லா ஏசினார், ஆனா வேலையால நிப்பாட்டேல்லை. "இனிப் பொலிகோனோ உன்ரை வேலை" எண்டார். அதுதான் தண்டனை.

இப்பவும் போறன். முதல் வெடிக்குக் குந்திடுவன். மூண்டாவதுக்கு எழும்பி நிண்டு எழுதுவன்.