இருபத்திரண்டு வயதுக் கவுச்சி

போன சனிக்கிழமை தவளக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே என் மனைவி வேணிக்கு ஓர் அறிவுரை சொன்னேன்.

“அங்க வந்து மீனு, கருவாடுன்னு பேச்செடுக்காத. அது வேற மாதிரி எடம்.”

பின்சீட்டிலிருந்து பதில் இல்லை. இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அதைவிடக் கடுமையான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

போன இடம் புதுச்சேரி சாரத்தில் நண்பர் ஜெரார் வீட்டு மாடி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் – எங்கள் ஊர் வழக்கில் ‘சொல்தா’. இப்போது அவருடைய ஒரே பைத்தியம் பூ-அர் என்கிற சீனத் தேயிலை. வறட்டி மாதிரி வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி, வருடக்கணக்கில் வைத்திருந்து குடிப்பது. வயது ஏற ஏற மவுசு ஏறுமாம். (எனக்கும் வயது ஏறுகிறது. சரி, விடுங்கள்.)

அன்றைக்கு மூன்று டீ. ஐந்து வயது, பன்னிரண்டு வயது, கடைசியாக இருபத்திரண்டு வயது. குடிக்க நாங்கள் இருவர், ஜெரார், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ராமலிங்கம்.

உண்மையில் அது ஓர் ஒத்திகை. அடுத்த ஞாயிறு ஜெராரின் சம்பந்தி பிரான்சிலிருந்து வருகிறார். மகளின் மாமனார். முப்பது வருடமாக இந்த டீயிலேயே ஊறிய மனிதர்.

“இருவத்திரெண்டு வருஷ சரக்குன்னு போன்ல சொல்லிட்டேன் மிஸ்யே. எம்பொண்ணு வாழற வீடு. மானம் போயிடக் கூடாது” என்றார் ஜெரார். அவருக்கு ஆண்கள் எல்லாரும் மிஸ்யே, பெண்கள் எல்லாரும் மதாம்.

குட்டி மண் ஜாடியில் வெந்நீர் ஊற்றினார். உடனே அதை அப்படியே கீழே கொட்டினார். வேணி பதறிப்போய் என் காதைக் கடித்தாள்.

“ஏங்க, மொதோ டீய கீழ ஊத்திட்டாரு!”

“அது எலைய கழுவறது. சும்மா இரு.”

“அரிசி களையற மாதிரியா? அத சொல்லலாம்ல.”

கோப்பை, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கு அளவுதான். முதல் இரண்டு டீயும் இறங்கின. மூன்றாவது வந்தது. தார் நிறம். ஜெரார் என் முகத்தையே பார்த்தார். எழுதுகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் சும்மா குடிக்க முடியுமா? கண்ணை மூடினேன்.

“பழைய நூலகம்... மழை விட்ட காடு... அடியில ஒரு மௌனம்.”

“ஆமா ஆமா, மௌனம்” என்றார் ராமலிங்கம். வீட்டில் சுக்குக் காப்பி குடிப்பவர்.

ஜெராருக்குக் கண் கலங்கிவிட்டது. “மதாம், நீங்க சொல்லுங்க.”

வேணி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“தப்பா நெனைச்சிக்காதீங்கண்ணே. கவுச்சி அடிக்குது.”

நான் சொன்ன மௌனம் அப்போதுதான் நிஜமாகவே வந்தது.

“பச்ச மீன் கவுச்சி இல்லண்ணே. சரியா காயாத கருவாட்ட மூட்ட கட்டுனா வருமே, அது. மொதோ ரெண்டு டீயில இல்ல.”

வேணி வீராம்பட்டினத்துப் பெண். வீட்டில் கருவாட்டு வியாபாரம். அவள் இப்போது பள்ளியில் கணக்கு டீச்சர் – மூக்கு மட்டும் வேலை மாறவில்லை.

தரைக்குள் இறங்கிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஜெரார் ஜாடி மூடியை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இலையை ஈரத்தோடு குவித்துப் புளிக்க வைப்பார்களாம். புதுச் சரக்கில் இந்த வாடை இருக்குமாம். சில வருடங்களில் போய்விடுமாம். இருபத்திரண்டு வயதில் இருக்கவே கூடாதாம்!

“எனக்கும் லேசா தோணுச்சு மதாம். காயிதத்துல போட்டிருந்த வருஷத்த நம்பிட்டேன்.”

எழுந்து போய், போன வருடம் வந்த புதுச் சரக்கு ஒன்றைக் கொண்டுவந்து காய்ச்சினார். மொத்தம் நான்கு டீ, நான்கு கோப்பை. ராமலிங்கம் பேப்பரை மறைவாகப் பிடித்து இடம் மாற்றி மாற்றி வைத்தார். மூன்று தடவை. மூன்று தடவையும் வேணி முகர்ந்து பார்த்து, அதே இரண்டு கோப்பைகளை – இருபத்திரண்டு வயதையும் போன வருடத்துப் புதுசையும் – ஒன்றாக நகர்த்தினாள்.

“இதுவும் இதுவும் ஒரே வயசுண்ணே.”

ராமலிங்கம் கை தட்டினார். நானோ, நானே கண்டுபிடித்தது போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வெட்கமில்லாத பெருமை. பிரெஞ்சில் வாசனைக்கு எத்தனையோ சொற்கள் உண்டு என்பார் ஜெரார். அன்றைக்கு அவர் மானத்தைக் காப்பாற்றியது ஒரே ஒரு தமிழ்ச் சொல். அதைத்தானே நான் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன்?

சம்பந்திக்குப் பன்னிரண்டு வயது டீதான் என்று முடிவாயிற்று. வயதை உள்ளபடி சொல்லியே கொடுப்பாராம். தன் ருசிக் குறிப்பு நோட்டில், பிரெஞ்சு வரிகளுக்கு நடுவே ‘கவுச்சி’ என்று தமிழில் எழுதி அடிக்கோடிட்டார் ஜெரார். என் நூலகம், காடு எதையும் அவர் எழுதியதாகத் தெரியவில்லை.

“ஞாயித்துக்கெழம நீங்க கட்டாயம் வரணும் மதாம்.”

“நானு?” என்றேன்.

“நீங்களும் வரலாம் மிஸ்யே. மதாம் கூட.”

திரும்பும் வழியில், பின்சீட்டிலிருந்து ஒரு வழியாகக் குரல் வந்தது.

“ஞாயித்துக்கெழம அங்க வந்து நூலகம், காடுன்னு பேச்செடுக்காதீங்க. அது வேற மாதிரி எடம்.”