பதினாலாம் நம்பர் பூட்ஸ்

முதலாளி ஹாஜியார். கணக்குப் பார்க்கிற அவர் மனைவி, ஹாஜியாரும்மா. மெனேஜர். கொழும்பிலிருந்து ரீடர் பூட்ட வந்த தம்பி. பெக்கிங்கில் வேலை செய்கிற ஜெசிந்தா. கேட்டில் நிற்கிற நான்.

போன செவ்வாய் ஒஃபிஸ் அறையில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

விஷயம் இதுதான். ஐஸ் ரூமில் ஒரு பெட்டி சிங்கி இறாலைக் காணோம். எடுத்தது ஜெசிந்தா என்று கொம்பியூட்டர் சொல்லுது. அவளுக்கு வேலை போகப் போகுது. புருசனின் போட் இஞ்சின் உடைந்து கிடக்கு. வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

எங்களுடையது கற்பிட்டியில் இறால், நண்டு பெட்டி போடுகிற இடம். களவு பிடிக்கவென்று கதவுக்குக் கதவு ரீடர் பூட்டினார்கள். ஆளிடம் ஒரு சின்ன டேக் இருக்கும். ஆள் கதவைத் தாண்டினால் ரீடர் பிடிக்கும், பேர் திரையில் விழும்.

நல்ல யோசனை. ஆனால் டேக்கை எங்கே மாட்டுவது? கழுத்தில் தொங்கினால் இறாலுக்குள் விழும். கையில் கட்டினால் ஐஸ் தண்ணி. மெனேஜர் யோசித்தார்... பூட்ஸில் ஒட்டினார். ரீடரும் கணுக்கால் உயரத்துக்கு இறங்கியது. நம்பருக்கு ஒரு பேர் என்று கொம்பியூட்டரிலும் ஏற்றினார்.

எங்களிடம் யாருக்கும் சொந்த பூட்ஸ் கிடையாது. அது அவருக்குத் தெரியாது. உள்ளே வேலை செய்கிறவர்கள் காலையில் வந்ததும் அகப்பட்ட ஜோடியை மாட்டுவார்கள். முந்தி வந்தவருக்கு ஓட்டை இல்லாதது.

"வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்தி ஐஸ் ரூமுக்குள்ள போனது நீதான். பதினாலாம் நம்பர், உன்ட பேர்," என்றார் மெனேஜர்.

"நான் அந்த நேரம் கென்டீன்ல சோறு தின்னுட்டிருந்தன் சேர்."

"கொம்பியூட்டர்ல அப்பிடி இல்ல."

"அப்ப என்ன கறி எண்டு அதுட்டயே கேளுங்க."

தம்பி வாயைப் பொத்தினான். ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

மெனேஜர் திரையைத் திருப்பினார். ஒஃபிஸ் கதவிலும் ரீடர் இருக்கு. அறைக்குள் யார் என்று அது காட்டும்.

ஜெசிந்தா என்று காட்டியது.

"பாத்தீங்களா! ஆளும் நிக்கிறா, பேரும் நிக்கிது. எவ்வளவு சரியா வேல செய்யுது!"

ஜெசிந்தா குனிந்து தன் காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு.

"சேர், எனக்கு இண்டைக்கு லீவு. நீங்க கூப்பிட்டதால வீட்டுலயிருந்து செருப்போட வந்தன். பூட்ஸ் யார்ட கால்ல?"

எல்லோரும் குனிந்தோம்.

மேசைக்குக் கீழே வெள்ளைச் சாரன். சாரனுக்குக் கீழே வெள்ளை பூட்ஸ். குதியில் பதினாலு.

ஹாஜியார்! ஐஸ் ரூமுக்குப் போனால் அவரும் ஓட்டை இல்லாத இந்த ஜோடியைத்தான் தேடி மாட்டுவார்.

முதலாளியின் கார் டிக்கியை நான் திறந்து பார்ப்பதில்லை. யார்தான் பார்ப்பார்?

"சிங்கி இறாலா?" ஹாஜியாரும்மா எழும்பினார். "டொக்டர் தொடவே கூடாது எண்ட சாமான்!"

"கூட்டாளிமார் வந்தாங்க... கொஞ்சம்தான்..."

"ஒரு பெட்டி கொஞ்சமா? கொலஸ்ட்ரோல் உங்களுக்கா, கூட்டாளிமாருக்கா?"

மெனேஜர் திரையை மெல்லத் திருப்பி வைத்தார். கதவில் கண் வைக்கிறோம், சரி. கதவின் சொந்தக்காரனும் அதால்தானே போகிறான்?

ஹாஜியாரும்மா ஜெசிந்தாவின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிக்கங்க மகள். உங்கட வேலைக்கு ஒண்டும் ஆகாது."

"வேல சரி ஹாஜியாரும்மா. கள்ளி எண்டு ஊர் முழுக்கக் கதை போயிட்டுது. அத யார் திருப்பி எடுக்கிற?"

நியாயமான கேள்வி.

"இவர்தான் எடுப்பார்," என்றார் ஹாஜியாரும்மா. "ஞாயிறு உங்கட சேர்ச் பூசை முடிய எல்லாரும் எங்கட வீட்டுக்கு வாங்க. சிங்கி இறால் புரியாணி. பெட்டிய எடுத்தது நான்தான் எண்டு இவர் எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும். இவர்தான் பரிமாறவும் வேணும். இவருக்குக் கஞ்சி."

ஹாஜியார் மணி உருட்டுவதை நிறுத்தினார்.

"தம்பி, எத்தன பேருக்கு ஆக்கணும்? அதுல பாத்துச் சொல்லுங்க."

பூட்ஸ் போட்டு வேலை செய்கிறது இருபத்து மூன்று பேர். ஆனால் வலது பூட்ஸில் ஒரு டேக், இடது பூட்ஸில் ஒரு டேக்; கொம்பியூட்டர் டேக்குக்கு ஓர் ஆள் என்று எண்ணும். தம்பி திரையைப் பார்த்தான். ஜெசிந்தா தம்பியைப் பார்த்தாள். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

நாற்பத்தாறு.