காணிக்காரிகள் கை தூக்கிய நாள்

எங்கள் வயல் விளைந்தால் நான் முதலில் கும்பிடுவது பிள்ளையாரை. அடுத்தது புஸ்பத்தை. பிள்ளையார் இதற்குக் கோபிக்க மாட்டார். ஒரு போகத்தில் எங்கள் பயிர் கருகாமல் தண்ணீர் விட்டது யாரென்று அவருக்கும் தெரியும்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுக்கு மேற்கே, ஒரே வாய்க்காலில் பாயும் வயல்வெளி எங்கள் வட்டை. வாய்க்காலின் கடைசி வயல் புஸ்பத்தினுடையது. அதற்கு முந்தியது எங்களுடையது. அவளுடைய புருசன் தொண்ணூறாம் ஆண்டு விறகுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அதன் பிறகு வரம்பு கட்டியதும், விதைத்ததும், காவலுக்குப் போனதும் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் ஏசி முடிக்கும்போது வேலையும் முடிந்திருக்கும். இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களிடம் நான் அதைக் கண்டதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு ஐப்பசியில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. வாவியைக் கடந்து, இராணுவச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, கிழக்கே எழுவான்கரைக்குப் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தோம். விரலில் பூசிய மை அழியுமுன்னே, கொழும்பில் யார் யாரோடு சேர்ந்து அரசாங்கம் அமைக்கிறார்கள் என்று ரேடியோ சொன்னது. யார் வேண்டாமென்று நான் வாக்குப் போட்டேனோ அவர்களும் அந்தக் கூட்டுக்குள் இருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ரேடியோவைத்தான் நிறுத்த முடிந்தது.

“நம்மளிட்டக் கேட்டது ஒண்டு, அங்க செய்யிறது வேறொண்டு” என்றாள் புஸ்பம். “அண்ணன், ரேடியோவோட கோவிச்சு என்ன செய்யிற? பங்குனிக் கூட்டம் வருகுது. அதுல கண்ணா இருங்க.”

பங்குனிக் கூட்டம் என்றால், மழையில்லாத காலத்தில் வாய்க்காலை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கு முந்திய கூட்டம். அதில்தான் வட்டை விதானையைத் தெரிவு செய்வார்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிறவர் விதானை. கனகசிங்கம் போடியார் பல காலமாக விதானையாக இருந்தார். பெரிய காணிக்காரரை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் அவருடைய வயல். தண்ணீர் அங்கே குளமாக நிற்கும். எங்களிடம் வந்து சேரும்போது தவளைகூடக் கால் நனைக்க முடியாது. போன சிறுபோகம் எங்கள் பயிர் கதிர் வைக்குமுன்னே கருகிவிட்டது. இந்தப் போகமும் கருகினால் வீட்டில் விதைநெல் இராது. விதைநெல் இல்லாவிட்டால் அடுத்தவன் வயலில் கூலிக்குத்தான் இறங்க வேண்டும்.

போடியாருக்கு எதிராக நடுவயற்காரரான வினாயகமூர்த்தி நின்றார். எங்களிடம் வந்து, “எனக்குக் கை தூக்குங்க, கடைசியில இருந்து தண்ணி பாயும்” என்று வாக்குக் கொடுத்தார். கடைசி வயற்காரர் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்தோம். வெல்வதும் தோற்பதும் எங்கள் கையில் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது.

கூட்டத்தை நடத்த வந்த அரசாங்க உத்தியோகத்தர் புதியவர். “காணிச் சொந்தக்காரர் மட்டும் கை உயர்த்துங்கள்” என்று தொடங்கினார். உயர்த்தினோம். எங்கள் கைகளால் வினாயகமூர்த்தி வென்றார்.

தேநீர் குடிக்கும் நேரத்தில் அவரும் போடியாரும் மருதமரத்தடியில் நின்று குசுகுசுத்தார்கள். திரும்பி வந்து வினாயகமூர்த்தி சொன்னார்: “நமக்குள்ள பகை வேணாம். நானும் போடியாரும் சேந்து நடத்துறம். முதல்ல மேல்வயல், பிறகு நடுவயல். மிஞ்சினாக் கடைசிக்கு விடுவம்.”

முன்னுக்கு இருந்தவர்கள் கை தட்டினார்கள். கொழும்பு எங்கள் மருதமரத்தடிக்கே வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பெண் புஸ்பம். அவள் எழுந்தாள்.

“ஐயா, சொந்தக்காரர் மட்டுந்தானே கை தூக்கலாம் எண்டீங்க? இவங்க ஒருத்தருக்கும் காணி இல்லையே!”

சிரிப்பு எழுந்தது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்தில் காணி தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய் அவளுடைய வயலைச் செய்வான். செய்து செய்து ‘என்ட வயல்’ என்று சொல்லவும் பழகிவிடுவான். நானும் அப்படித்தான். என் பெண்சாதி அன்னப்பூரணியின் வயலுக்காகக் கை தூக்கும்போது எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை.

“சொந்தமாகக் காணி உள்ளவர்கள் கையைக் காட்டுங்கள்” என்றார் உத்தியோகத்தர். புஸ்பத்தின் கையைத் தவிர ஒரு கையும் எழவில்லை. வென்றவர் தலையைச் சொறிந்தார். ஊரே போடியார் என்று அழைக்கும் கனகசிங்கம் மரத்திலிருந்த காகத்தைப் பார்த்தார். அவர் போடியாராக இருந்ததெல்லாம் இராசாத்தி அக்காவின் காணியில்.

உத்தியோகத்தர் அந்தத் தெரிவைத் தள்ளிவிட்டார். அடுத்த கிழமை மறுகூட்டத்துக்குக் காணிக்காரிகள் வந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் வேலியோரம் நின்றோம். போடியாரின் பெண்சாதி இராசாத்தி, புஸ்பத்தின் கூடப்பிறந்த அக்கா. தாய் மேல்வயலை மூத்தவளுக்கும் கடைசி வயலை இளையவளுக்கும் கொடுத்திருந்தாள். வட்டை முழுவதும் இப்படித்தான். மேலே ஒரு சகோதரி, கீழே ஒரு சகோதரி. நாங்கள் மேல், நடு, கடைசி என்று பிரிந்து நின்று கூட்டுச் சேர்ந்தோம். அவர்களோ பிறக்கும்போதே கூட்டு.

யாரோ புஸ்பத்தின் பெயரைச் சொன்னார்கள். அவள் நன்றி சொல்லவில்லை. “யோசிச்சுத் தூக்குங்க. கடைசியில இருந்துதான் பாய்ச்சுவன். பிறகு என்னை ஏசப்படாது” என்றாள்.

வேலியோரத்திலிருந்து போடியார் பெண்சாதிக்குக் கண்ணைக் காட்டினார். இராசாத்தி அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இஞ்சேருங்க, அங்க நிண்டு கண்ணக் காட்டாதீங்க. என்ட தங்கச்சிட வயல் கருகிக் கிடக்க நான் சோறு திங்கவா?” சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். மற்றக் கைகளும் எழுந்தன. அன்னப்பூரணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தூக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சொன்னபடி தண்ணீர் கடைசியிலிருந்து பாய்ந்தது. ஷெல் சத்தம் கேட்ட நாட்களிலும் புஸ்பம் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றாள். எங்கள் வயல் நிறைந்து, சுற்றியிருந்தவையும் நிறைந்தன. அவளுடைய வரம்பில் மட்டும், தண்ணீர் பாயும் வாயான வக்கடை மண் போட்டு அடைத்துக் கிடந்தது.

“ஏன் புள்ள, உன்ட வயலுக்குத் தண்ணி வேணாமா?”

“விதானைட வயல் முதல்ல நனைஞ்சா ஆரு அண்ணன் நம்புவாங்க? நீங்க போய் உங்கட... அன்னப்பூரணிட வரம்பப் பாருங்க.”

மேல்வயலும் கருகவில்லை. முறையாக விட்டால் எல்லோருக்கும் போதுமான தண்ணீர்தான் இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறது. போடியார் வாய் திறக்கவில்லை. திறந்தால் வீட்டில் சோறு கிடைக்காது என்பது ஒன்று; அவருடைய வயலும் நன்றாக விளைந்தது என்பது மற்றது. வினாயகமூர்த்தி, புஸ்பம் அறுத்துக் குவித்த கதிர்ச் சூட்டை அவராகவே வந்து மிதித்துக் கொடுத்தார்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டான அந்த ஆண்டின் கடைசியில், கொழும்புக் கூட்டு உடைந்து மறுபடியும் பாராளுமன்றத் தேர்தல். அன்று வாவியைக் கடக்கும் வழியை இராணுவம் எங்களுக்குத் திறக்கவில்லை. நானும் அன்னப்பூரணியும் நின்று பார்த்துவிட்டு வாக்குப் போடாமல் திரும்பினோம். வழியெல்லாம் நான் புறுபுறுத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உலை வைத்தாள். அந்தச் சிறுபோகத்து அரிசி. மூலையில் விதைநெல் மூடை கட்டியபடி இருந்தது. சோற்றைப் போட்டு, கோப்பையை என் முன்னால் வைத்து, “புறுபுறுக்காமச் சாப்பிடுங்க” என்றாள்.

வாவியைக் கடந்து நான் போட்ட வாக்குகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் கண்ட ஒரு வாக்கு அந்தக் கோப்பையில் இருந்தது. அதைப் போட்ட கைதான் எனக்குச் சோறும் போட்டது. புஸ்பத்தை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நான் முதல் கவளத்தை எடுத்தேன்.