மருந்தடித்த வயலின் வெட்டுக்கிளிகள்

மருமகள் ஆசையாக வளர்த்த பல்லி என்னால்தான் செத்தது. செத்ததற்குக் காரணம் அவள்தான் என்று அவளிடமே சொன்னேன்.

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வரும்போதே, உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி போட்ட இரண்டு பல்லிகளைக் கண்ணாடிப் பெட்டியில் கொண்டுவந்தவள் அவள். ஆடிக்கு ஏனாத்தூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போனபோது, டப்பா நிறைய சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலோடு நிறுத்த என்னால் முடியவில்லை. பூச்சியைக் கண்டதும் பல்லி அப்படியே உறைந்து நிற்கும். வால் நுனி மட்டும் துடிக்கும். என் மூச்சும் நின்றுவிடும். சட்டென்று ஒரு பாய்ச்சல்! வாயோரம் இரண்டு கால்கள் உதறும், பிறகு அதுவும் இருக்காது. இன்னொரு தரம் பார்க்கலாமே என்று இன்னொன்று போடுவேன். ஆடி பாதியிலேயே டப்பா காலி.

வெட்டுக்கிளி பிடிக்க வயலுக்கு ஓடினேன். வயல்காரர் தடுத்தார்.

“நேத்துதான் மருந்து அட்ச்சிக்கீறேன் சார். இன்னாத்துக்கு அத்தப் போய் புட்ச்சிக்கினு?”

மருந்து பயிருக்குத்தானே, வரப்பில் உட்கார்ந்திருப்பதற்கு என்ன என்று நினைத்தேன். விலங்கியல் படித்தவன் நான். வெட்டுக்கிளிகள் தாவாமல் கைக்கு அகப்பட்டன. என் கை லாகவம் என்று பூரித்துப் போனேன்.

பெரிய பல்லி மூன்றை விழுங்கியது. சின்னது ஏனோ திரும்பியும் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பெரியதற்குக் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. காலையில் விறைத்துக் கிடந்தது. போனில் மருமகளிடம், நீ வாங்கிவைத்த பூச்சியில்தான் கோளாறு என்றேன். அழுதாள்.

காஞ்சிபுரம் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகும் என்றாள் மனைவி. போய்த் தொட்டேன். பல்லி மேலே விழுந்த தோஷத்துக்கு அது சரி. என் பொய்க்கு? அங்கிருந்து நேராக ஏனாத்தூர் போய், சம்பந்திகள் முன்னாலேயே நடந்ததைச் சொன்னேன்.

“செத்தது கூட பரவால்ல மாமா. ஒரு வாரமா நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன்” என்றாள்.

வீடு திரும்பி, பிளாஸ்டிக் தொட்டியில் கோழிமுட்டை அட்டைகளை அடுக்கி, கேரட்டும் தவிடும் போட்டுச் சுவர்க்கோழி வளர்க்கத் தொடங்கினேன். முட்டையிட வைத்த ஈரமண்ணில் கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் பொரிந்து ஓடிய காலையில், ஆடி முடிந்து திரும்பியிருந்த மருமகளைத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தாள்.

இப்போது சின்னப் பல்லிக்கு என் பூச்சிகள்தான் தீனி. பூச்சியை எடுத்துப் போடும் இடுக்கியை மட்டும் அவள் என்னிடம் கொடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை.