விசேட அதிதியின் கதிரை

பொன்னாடை போர்த்தியதற்காகக் கோபப்பட்ட ஆள் இந்த ஹட்டன் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பச்சை நிறம், ஓரத்தில் மினுமினுக்கிற ஜரிகை, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. போர்த்தியவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் த்ரீவீலர் ஓட்டுகிறவன். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி வரிசை வீட்டில் பிறந்தவன், மாரியம்மனைக் கும்பிடுகிறவன். எங்கள் தோட்டத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஓர் அவுலியாவின், முஸ்லிம் மகானின் அடக்கத்தலம் இருக்கிறது. சியாரம் என்போம். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கொடியேற்றி, ராத்திபு வைத்து, கந்தூரிச் சோறு கொடுப்பார்கள். ராத்திபு என்றால் பாயில் வட்டமாக உட்கார்ந்து, தப்ஸ் என்கிற கைப்பறையை அடித்து, இறைவனையும் நபியையும் அவுலியாக்களையும் புகழ்ந்து பாடுவது. நடத்துகிறவர்கள் டவுன் முஸ்லிம் கடைக்காரர்கள். ஆனால் பிள்ளை வரம் கேட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும் சட்டியோடு சோற்றுக்கு நிற்பதும் பாதிக்கு மேல் எங்கள் லயத்துச் சனம்தான்.

நான் அந்த வட்டத்துக்குள் போனது தற்செயல். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர்தான் முன்பாட்டுப் பாடுவார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வருஷம் அவரையும் தப்ஸ்களையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அன்று பின்பாட்டுக்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை. நானா தொடங்கி இரண்டாவது வரியிலேயே மூச்சுக்குத் திணறினார். வாசலில் நின்ற நான் என்னையறியாமல் அந்த வரியின் முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். சின்ன வயதிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு ஊறிய பாட்டு. போதாததற்குக் காமன் கூத்தில் பின்பாட்டுப் பாடிப் பழகிய தொண்டை. நானா பாட்டை நிறுத்தாமலே கையாட்டிக் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்தவரை நகரச் சொல்லி என்னை உட்கார வைத்தார். அதன் பிறகு வருஷா வருஷம் அந்த இடம் என்னுடையது. தலையில் ஒரு லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

இந்தப் பாட்டில் முன்பாட்டுக்காரர் வரியை முடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடைசிச் சொல் அவர் வாயில் இருக்கும்போதே பின்பாட்டு அதை வாங்கிவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு எடுப்பார். எங்கள் மலைப் பனியில் தப்ஸின் தோல் தளர்ந்துபோகும், கரி அடுப்பில் காட்டிக் காட்டித்தான் அடிப்பார்கள். மனுஷனின் நெஞ்சை எந்த அடுப்பில் காட்டுவது? நானாவுக்கு இழுப்பு வேறு. “என்ட பாதி மூச்சு ஒங்கட நெஞ்சிலதான் ஈக்கி” என்று என்னிடம் சொல்லுவார்.

இந்த வருஷம் சியாரத்துக் கமிட்டிக்குப் புதுத் தலைவர். கந்தூரிக்கு முந்தின கிழமை எங்கள் ஸ்டாண்டுக்கே வந்து, எல்லா டிரைவர்களும் பார்க்க என் கையில் ஓர் அழைப்பிதழைக் கொடுத்தார்.

“அண்ணே, நீங்கதான் எங்கட விசேட அதிதி. முன்னுக்குக் கதிர போட்டிருக்கம்.”

“கதிரையா? நான் பாய்லதானுங்களே உக்காருவேன்?”

சிரித்தார். “இந்த முற நீங்க பாடிக் கஷ்டப்படத் தேவல்ல. பொடியன்மார் ஈக்கிறாங்க. நீங்க வந்து சிறப்பிச்சாப் போதும்.”

எனக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நேரே நானாவின் கடைக்குப் போனேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் நானா, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“பாடுறதே பிழ எண்டு சொல்ற கூட்டம் ஒண்டு ஈக்கி. அவங்கட வாய அடைக்கோணும் எண்டா, வட்டத்துக்குள்ள வெளியாள் இருக்கப்படாதாம். இல்லாட்டி ராத்திபே வைக்க விடமாட்டாங்களாம்.”

“வெளியாளா? என்னையா சொல்றாங்க?”

அவர் பருப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாட்டே கூடாது என்கிறவன் நேராகச் சொல்கிறான். அவனோடு நேராகச் சண்டை போடலாம். இந்தக் கமிட்டிக்காரர்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அதே கழுத்தில் பொன்னாடை போடுகிறார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியம்? திருவிழாவில் தப்படிக்கிறவர்களைக் கோயில் வாசலோடு நிறுத்திவிட்டு, மேடையில் ஒற்றுமை பற்றி முழங்குகிற கமிட்டி எங்களிடமும் இருக்கிறது. எல்லாக் கமிட்டிக்கும் ஒரே புத்தி.

“போகாம இருங்களேன்” என்றாள் என் மனைவி. போகாவிட்டால், கூப்பிட்டோம், அவர்தான் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு நான் இடம் கொடுக்கத் தயாராக இல்லை. போனேன்.

சியாரத்து வாசலில் மத நல்லிணக்கம் என்று பெரிய பேனர். பாய்க்கு எதிரே பிளாஸ்டிக் கதிரைகள். நடுக் கதிரையில் என்னை உட்கார வைத்துத்தான் அந்தப் பொன்னாடையைப் போர்த்தினார்கள். வட்டத்தில் நான் உட்காருகிற இடத்தில் வெள்ளைத் தொப்பியோடு மூன்று பொடியன்கள், ஆளுக்கொரு போன் வைத்திருந்தார்கள். பாட்டு வரிகள் அதில் இருந்தன. அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல குரல்கள்தான்.

நானா தொடங்கினார். வரி முடிகிற இடம் வந்தது. பொடியன்கள் போனைப் பார்த்து, அடுத்த வரியைத் தேடி, அவர் முழுவதுமாக முடித்த பிறகு எடுத்தார்கள். அதுவரை கடைசிச் சொல்லை நானாவே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது, மூச்சு எடுக்க நேரமில்லை. அடுத்த வரியிலும் அதேதான். மூன்றாவதில் இருமல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நானா தப்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அடக்கினார். என்னைப் பார்த்தார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

தலைவர் ஓடி வந்து தோளைப் பிடித்தார். அப்போதும் சிரிப்பு மாறவில்லை. “இரிங்க அண்ணே, இரிங்க. மைக்க இங்கயே கொண்டுவாறம். கதிரையில இருந்தே படிங்க.”

“மைக்கு வேணாங்க. பாய்ல எடம் குடுங்க.”

“அது முடிவெடுத்த விஷயம் அண்ணே. நீங்க எங்கட அதிதி, வந்தது எங்களுக்குப் பெரும.”

“நான் வந்தவன் இல்லீங்க. இங்கன இருந்தவன்.”

சத்தமாகவே சொன்னேன். சட்டிகளோடு நின்ற என் லயத்துச் சனத்துக்கும் கேட்டிருக்கும். பொன்னாடையை எடுத்துக் கதிரையின் முதுகில் போட்டேன். நானா ஏதாவது சொல்வார் என்று ஒரு நிமிஷம் நின்றேன். அவர் குனிந்து தப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தேயிலைக்கு நடுவே வருகிற ரோட்டில் பாதி தூரம் வந்திருப்பேன். மேலே ஒலிபெருக்கியில் மறுபடியும் நானாவின் குரல். நீ பாடு, உன் கமிட்டி கேட்கட்டும் என்று திட்டிக்கொண்டே நடந்தேன். சோற்றுக்குப் பிந்திப்போய் ஏறி வந்த ஒரு பொம்பளை என்னை மறித்தாள்.

“என்னண்ணே, நீங்க கீழ வாரீங்க? பாட்டு ஏன் விட்டு விட்டுக் கேக்குது? லைன் போயிருச்சா?”

அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். பொடியன்களின் குரலே இல்லை. நானா அவர்களை வாய் திறக்கவிடவில்லை போலிருக்கிறது. ஒரு வரி பாடி, என் வரிக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் வெறும் தப்ஸை அடித்து, அதன் பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார். அத்தனை பேர் முன்னாலும் என் இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டு பாடினார். வட்டத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லாத மனுஷன் அதைச் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அவர் மேலும் வந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போடா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நானா அடுத்த வரியைத் தொடங்கினார். கடைசிச் சொல் அவர் வாயில் இருக்கும்போதே, நடு ரோட்டில் நின்று, வயிறெரிய, தொண்டை கிழிய அதை வாங்கினேன். மேலே யாருக்கும் அது கேட்டிருக்காது.