ஹர்ட்டில் கடைசியாகச் சிரித்தது

ஹர்ட்டில் நான்கிவெல் என்பவன் பட்டாளத்தில் சேர்ந்ததற்கு நான்தான் காரணம். நான் சேர்ந்ததற்குக் காரணம், என் அவசரக் கால்கள்.

1915 ஆகஸ்டில் எங்கள் மூண்டா ஊரில் ஆள் சேர்க்கும் கூட்டம். செப்புச் சுரங்கத்து பேண்டு குழுவில் நான் டிரம்பெட் வாசித்தேன். வாசித்தேன் என்று நான் மட்டும்தான் சொல்வேன். "இந்த ஊர்ல ஆம்பளையே இல்லையா?" என்று மேடையிலிருந்தவர் கேட்டதும், வாத்தியத்தோடு தாவி ஏறிவிட்டேன். ஊரே கை தட்டியது. அப்புறம் எப்படி இறங்குவது? கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பின்னால் ஹர்ட்டில் நின்றான். ரொட்டிக்கடைக்காரர் மகன், இருபது வயது. தினமும் குதிரை வண்டியில் ரொட்டி கொண்டுபோவான். மனிதர்களைவிட வழியில் வரும் நாய்களோடு அதிகம் பேசுவான்.

"நீ ஏன்டா வந்தே?"

"நீ தனியாப் போனா தொலைஞ்சு போயிருவ, ஆல்ஃப்."

பயிற்சிக்குப் போன எகிப்தில் நான் உண்மையிலேயே தொலைந்தேன். வேறொரு படையின் கூடாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்டுத் தூங்கினேன். ஹர்ட்டில் தேடி வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனான்.

அடுத்த வருடம் ஜூலையில், பிரான்சில் போசியர் என்ற கிராமத்தருகே, பகல் வேளையில் பதுங்குகுழிக்குத் தண்ணீர் சுமந்து போனோம். பக்கத்தில் குண்டு விழுந்தது. நான் தண்ணீர் டின்னை வீசிவிட்டு முள்கம்பி வேலியைத் தாண்டினேன். நான் தாண்டினேன், கால்சட்டை தாண்டவில்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடவுளையும் அம்மாவையும் பேண்டு வாத்தியாரையும் கூப்பிட்டேன்.

முன்னால் போயிருந்த ஹர்ட்டில் திரும்பி வந்தான். தண்ணீர் சிந்தாமல் தன் டின்னை இறக்கி வைத்தான். கத்தியால் துணியைக் கிழிக்கும்போது அடக்க முடியாமல் சிரித்தான்.

"ஆடாதடா! உன்னையும் சேர்த்து அறுத்துருவேன்."

குழிக்குள் குதித்தோம். பத்தடி நடந்திருப்போம், அடுத்த குண்டு. முன்னால் சென்ற ஹர்ட்டில் விழுந்தான். நான் தொட்டபோது உயிர் இல்லை. முகத்தில் சிரிப்பு முழுதாகப் போகவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, கால்சட்டையும் இல்லை.

அவன் அம்மாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். தாய்நாடு, கடமை, பெருமை என்று சாகும்போது அவன் பேசியதாக எழுதினேன். எழுதி முடித்து நானே அழுதேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

1919இல் ஊர் திரும்பியதும் ஹர்ட்டிலின் தாய் திர்சா அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இதெல்லாம் யாரு பேசினது?"

"ஹர்ட்டில்தாம்மா."

"என் புள்ள ஒரு வருஷம் பேசினதைச் சேர்த்தாலும் இதுல பாதி வராதே! நெசத்தைச் சொல்லுடா."

சொன்னேன். காது சிவக்கச் சிவக்க, கம்பியையும் கால்சட்டையையும் சொன்னேன். "என்னைக் காப்பாத்தத்தாம்மா திரும்பி வந்தான். இல்லாட்டி அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பான்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"உள்ளேயாவது ஏதாச்சும் போட்டிருந்தியா?"

"பாதி இருந்துச்சும்மா."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எழுந்து, இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி ஒன்றை என் முன் வைத்துவிட்டு, கடையில் ரொட்டி அடுப்பருகே இருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க. நம்ம புள்ள சிரிச்சதை ஆல்ஃப் சொல்றான்."

அவர் மாவுக் கையோடு வந்து உட்கார்ந்தார். நான் மறுபடி கம்பியில் தொங்கத் தொடங்கினேன்.