எதிரியோடு இருந்து சாப்பிட்டவர்

இராசநாயகம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, "எப்ப பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு இதுவும் தெரியும்: புலம்பெயர்ந்து வந்து குடியேறிய ரூஜில் என் வீட்டிலிருந்து இரண்டு வீதி தள்ளித்தான் இருந்தார், ஆனாலும் என் வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி கிடையாது.

நாட்டில் சண்டையை நிறுத்தி உடன்படிக்கை எழுத இரண்டு பகுதியும் வெளிநாட்டில் கூடியபோது, மூன்று மொழியும் தெரிந்தவர் என்று இவரை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனார்கள். போகுமுன் வந்தவரிடம் சொன்னேன்: "தம்பி, சோதனைச் சாவடியில பஸ்ஸால இறக்கிக் கொண்டுபோன என்ர மகன் குகனைப் பற்றி ஒருக்காக் கேள்."

"அந்த மேசையில எனக்குச் சொந்த வாய் இல்லை அக்கா. அவை சொல்லுறதைத்தான் நான் சொல்லலாம்."

"அப்ப என்னத்துக்கு உனக்கு உந்தக் கோட்டு?"

திரும்பியதும் நேரே என்னிடம்தான் வந்தார். மத்தியானச் சாப்பாட்டில், மறுபகுதி அதிகாரி ஒருவருக்குப் பக்கத்தில் வலியப் போய் இருந்து மகனின் பெயரைச் சொன்னாராம். அந்த ஆள் கரண்டியை வைத்துவிட்டு, "குகன்" என்று திருப்பிச் சொன்னாராம். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாகச் சொன்னாராம்.

"நீயும் சாப்பிட்டனியோ?"

"ஓம் அக்கா. ஒண்டாச் சாப்பிட்டாத்தான் காது குடுப்பினம்."

பகையாளியோடு கை நனைக்காத வீட்டில் பிறந்தவள் நான். அவருடைய தேத்தண்ணிக்கு அடுப்பில் கொதித்த தண்ணீரை இறக்கிக் கீழே ஊற்றிவிட்டேன்.

அடுத்த கூட்டம் நடக்கவில்லை. பேச்சு முறிந்து, சண்டை திரும்பவும் தொடங்கியது. இராசநாயகம் மட்டும் ஞாயிறுதோறும் வந்தார். பிளாஸ்கில் தன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் மேசையில் ஊற்றிக் குடிப்பார். "அக்காவோட பேச்சுவார்த்தை இன்னும் முறியேல்லை" என்று என் மருமகளிடம் பகிடி விடுவார். நான் சிரித்ததில்லை.

ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பேன். "அந்த அதிகாரி குகனைத் தெரிஞ்ச பேர் மாதிரிச் சொன்னவனோ, சும்மா திருப்பிச் சொன்னவனோ?"

கண்ணை மூடி யோசிப்பார். "தெரியேல்லை அக்கா. உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டன்."

ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம். அந்த ஆள் என் பிள்ளையின் பெயரைச் சொன்ன குரலைக் கேட்ட காது அவருடையது ஒன்றுதான். அதையும் எரித்துவிட்டு வந்தோம்.

கடைசியாக வந்த அன்று பிளாஸ்கை மறந்து விட்டுப் போனார். செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அவர் மகள் கேட்டாள்: "அன்ரி, அப்பாட பிளாஸ்க் உங்கட வீட்டிலயோ?"

"என்னட்டத்தான் இருக்கு. தரமாட்டன் பிள்ளை."